ஒரே வாய்க்காலில் இரண்டு பாசனம்: நெட்வொர்க் டிரைவர்களில் அனுப்பு வரிசையைப் பங்கிடுவது பற்றி

மன்னார்குடியில் கேபிள் டிவியோடு ஃபைபர் இணைப்பும் கொடுக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தார். "தம்பி, ஓடிக்கிட்டிருக்கற வீடியோ நிக்காம ஓடுது. புதுசா எதைத் தொட்டாலும் தொறக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மொத்தமா எல்லாமே போயிட்டுத் திரும்ப வருது. ஜனங்க போன் மேல போன் போடுறாங்க." பகலில் இந்தத் தொல்லை இல்லை. ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரைதான்.

நெட்வொர்க் கார்டு போன்ற வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்களைப் படிப்பதும் திருத்துவதும் என் தொழில். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மறுநாள் காலை பைக்கில் போய் அவருடைய பெட்டியைப் பார்த்தேன். எட்டு கோர் (ஒரே செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகள்) உள்ள சின்னக் கணினி, லினக்ஸ், நான்கு நெட்வொர்க் போர்ட்டுகள். மேலிருந்து இணையம் வரும் போர்ட் 2.5 ஜிகாபிட், ஊருக்குள் போகும் போர்ட் 1 ஜிகாபிட். இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைச் சொல்லும், வாடிக்கையாளர்களுக்கான டிஎன்எஸ் சர்வரும் அதே பெட்டிக்குள்ளேயே ஓடுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவில் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: அனுப்பு வரிசை 2 காலாவதி ஆகிவிட்டது, கார்டை மீட்டமைக்கிறேன் என்று. இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் விஷயத்தைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் அனுப்பு வரிசை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கணினியின் நினைவகத்தில் வட்டமாகச் சுற்றிவரும் ஒரு பட்டியல் அது, ரிங் என்போம். அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் டிஸ்கிரிப்டர் என்று பெயர். "இந்த முகவரியில் இத்தனை பைட் இருக்கிறது, எடுத்து அனுப்பு" என்பது அதில் எழுதப்படும் தகவல். டிரைவர் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போகும். நிரப்பியதும் கார்டில் இருக்கும் ஒரு பதிவகத்தில் "இதுவரை எழுதிவிட்டேன்" என்று குறிக்கும். கார்டு பின்னாலேயே வந்து எடுத்து அனுப்பும். அனுப்பி முடித்த கட்டங்களைத் துடைத்துக் காலியாக்குவதும் டிரைவரின் வேலைதான். எழுதும் முனை துடைக்கும் முனையைப் பிடித்துவிட்டால் ரிங் நிரம்பிவிட்டது என்று பொருள். வழக்கமாக இப்படி 256 கட்டங்கள் இருக்கும். பல கார்டுகளில் 4096 வரை கூட்டிக்கொள்ளலாம்.

இந்த ரிங்கில் இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக் கெடுத்துவிடும். அதனால் எழுதுவதற்கு முன் ஒரு பூட்டைப் பிடிக்க வேண்டும். கெர்னலில் எல்லா நெட்வொர்க் போக்குவரத்தையும் வழக்கமாகக் கையாளும் பகுதியான நெட்வொர்க் அடுக்கு எப்போதும் இப்படித்தான் செய்துவந்திருக்கிறது. பூட்டு பெரிய சுமையாகவும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த அடுக்கு ஒரு பாக்கெட்டுக்கு, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்துக்கு, செய்யும் மற்ற வேலைகளே ஏராளம்.

2016-இல் வெளிவந்த லினக்ஸ் 4.8 பதிப்பில் எக்ஸ்டிபி என்ற வழி வந்தபோது கணக்கு மாறியது. பாக்கெட் கார்டிலிருந்து வந்து இறங்கியதுமே, நெட்வொர்க் அடுக்கு அதைத் தொடுவதற்கு முன், டிரைவருக்குள்ளேயே ஒரு சின்ன பிபிஎஃப் நிரல் (கெர்னலுக்குள் நாமே ஏற்றி ஓட்டக்கூடிய நிரல் வகை) ஓடும். தூக்கி எறி, மேலே அனுப்பு, வந்த போர்ட்டிலேயே திருப்பி அனுப்பு, வேறு போர்ட்டுக்குத் தள்ளு என்று அது முடிவு சொல்லும். நண்பரின் பெட்டியில் ஊருக்குப் போகும் போக்குவரத்து இப்படித்தான் போகிறது. மேல் போர்ட்டில் வந்த பாக்கெட்டுக்கு வழி பார்த்து அப்படியே கீழ் போர்ட்டுக்குத் தள்ளிவிடும். எக்ஸ்டிபியை உருவாக்கியவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கோர் நொடிக்கு 2.4 கோடி பாக்கெட் வரை கையாண்டதாகக் காட்டினார்கள். பாக்கெட்டைத் தூக்கி எறியும் மிக எளிய வேலைக்கான எண் அது. ஆனாலும் அந்த வேகத்தில் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது சுமார் 42 நானோநொடி.

கம்பி எவ்வளவு கேட்கும் என்பதையும் கணக்குப் போடலாம். ஈதர்நெட்டில் ஆகச் சிறிய பாக்கெட் 64 பைட். முன்குறியும் இடைவெளியும் சேர்த்தால் கம்பியில் 84 பைட், அதாவது 672 பிட். 1 ஜிகாபிட் என்றால் ஒரு பாக்கெட்டுக்கு 672 நானோநொடி. 10 ஜிகாபிட் என்றால் 67.2 நானோநொடி. மூன்று கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 200 சுழற்சிதான். நினைவகத்துக்கு ஒரு தடவை போய்வருவதே அந்த நேரத்தைத் தின்றுவிடும். பூட்டு ஒரே கோரின் கேச்சிலேயே, அதாவது அதன் பக்கத்திலேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகத்திலேயே, இருந்தால் மலிவு. இரண்டு கோர்கள் மாறி மாறிப் பிடித்தால், பூட்டு இருக்கும் கேச் வரி ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடி வர வேண்டும். அப்போதுதான் அது விலை உயர்ந்த சாமான் ஆகிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே வந்து பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரியும். மூன்றுக்கும் தனித்தனி ஷட்டர். பாமணியாற்றுக்காரருக்கும் கோரையாற்றுக்காரருக்கும் அந்த இடத்துக்குக் கீழே தண்ணீரில் ஒரு வம்பும் இல்லை. அவரவர் ஆறு அவரவர்க்கு. பெரிய கார்டுகளின் டிரைவர்கள் எக்ஸ்டிபிக்குச் செய்தது இதைத்தான். ஒவ்வொரு கோருக்கும் தனியாக ஓர் அனுப்பு வரிசை. அதில் வேறு யாரும் எழுத மாட்டார்கள், நெட்வொர்க் அடுக்குகூடத் தொடாது. பூட்டே தேவையில்லை.

ஆனால் ஆறு மூன்றுதான், ஊர் எத்தனையோ. இன்டெலின் 10 ஜிகாபிட் கார்டுகளுக்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவரில் எக்ஸ்டிபி வரிசைகளுக்கு 64 என்று வரம்பு இருந்தது. அதற்கு மேல் கோர் உள்ள சர்வரில் எக்ஸ்டிபி நிரலை ஏற்றவே அந்த டிரைவர் மறுத்துவிடும். 2021-இல் அதற்கு ஒரு மாற்று வழி வந்தது. வரிசை போதாவிட்டால் கோர்கள் பகிர்ந்துகொள்ளட்டும், அப்போது மட்டும் பூட்டுப் போடு என்பதுதான் அது. அதைச் செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "பூட்டு வேண்டுமா?" என்று ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கேட்பதே ஒரு செலவு. அதனால் கெர்னலின் ஸ்டாட்டிக் கீ வசதியைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கேள்வி இருக்கும் இடத்தில் சாதாரணமாக ஒன்றும் செய்யாத ஓர் ஆணை மட்டும் இருக்கும். பகிர்வு தேவைப்படும் இயந்திரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் நிரலையே அந்த இடத்தில் திருத்தி, பூட்டு இருக்கும் பாதைக்குத் திருப்பிவிடுவார்கள். வரிசை போதுமான அளவு உள்ளவர்களுக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. இன்டெலின் ஐஸ் டிரைவரிலும் அதே ஆண்டு அதே வழி வந்தது.

சின்னக் கார்டுகளின் நிலை வேறு. மொத்தமே நான்கு அனுப்பு வரிசைதான் இருக்கும். எக்ஸ்டிபிக்கென்று தனியாக ஒதுக்க எதுவும் இல்லை. அதனால் நெட்வொர்க் அடுக்கு எந்த வரிசையில் எழுதுகிறதோ அதே வரிசையில் எக்ஸ்டிபியும் எழுதும். எந்த வரிசை என்பதைக் கோரின் எண் முடிவு செய்யும். எட்டு கோர், நான்கு வரிசை என்றால் 2-ஆம் கோரும் 6-ஆம் கோரும் 2-ஆம் வரிசைக்கு வந்து சேரும். இரண்டு பேரும் நெட்வொர்க் அடுக்கு பிடிக்கும் அதே பூட்டைத்தான் பிடிக்க வேண்டும். அடுக்கு அனுப்பும்போது அந்தக் கோரில் மென் இடையூறுகள் (நடக்கும் வேலைக்கு நடுவே கெர்னல் ஓட்டும் அவசர வேலைகள்; எக்ஸ்டிபி ஓடுவதும் இவற்றில்தான்) நிறுத்தப்பட்டிருக்கும். அதனால் ஒரே கோரில் பூட்டைப் பிடித்தவரே பூட்டுக்குக் காத்து நிற்கும் சிக்கல் வராது.

பூட்டுச் செலவைக் குறைக்க வழி உண்டு. வேறு போர்ட்டுக்குத் தள்ளும் பாக்கெட்டுகளைக் கெர்னல் 16 வரை சேர்த்துவைத்து டிரைவரிடம் ஒரே கட்டாகக் கொடுக்கும். ஒரு தடவை பூட்டைப் பிடித்து பதினாறையும் எழுதிவிட்டு, கார்டின் பதிவகத்தை ஒரே தடவை தொட்டால் போதும். நாற்று நடும்போது ஒவ்வொரு நாற்றையும் நாற்றங்காலிலிருந்து எடுத்துவந்து நடுகிறோமா என்ன? முடிச்சு முடிச்சாகத்தானே கொண்டுவருகிறோம்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்திலும் இருக்கும். பூட்டு, கேச், கட்டு என்று எல்லோரும் இதையே பேசுவார்கள். ஆனால் நண்பரின் பெட்டியில் பூட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. கோளாறு வேறு இடத்தில்.

ரிங் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணி, மேலே 2.5 ஜிகாபிட் வழி திறந்திருக்கிறது, கீழே 1 ஜிகாபிட்தான் போகும். நெட்வொர்க் அடுக்கின் ஒரு பாக்கெட் பல துண்டுகளாக வரலாம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டம் வேண்டும். அதனால் இந்த வகை டிரைவர்கள் பல, வழக்கமான கெர்னல் அமைப்பில், 21 கட்டங்கள் காலியாக இல்லாவிட்டால் "நிறுத்து, அனுப்பாதே" என்று அடுக்கிடம் சொல்லிவிடும். மறுபடி எழுப்புவதோ 42 கட்டங்கள் காலியான பிறகுதான். நிறுத்தி எழுப்பி நிறுத்தி எழுப்பித் திணறாமல் இருக்க இந்த இடைவெளி. தனியாக இருந்தால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் எக்ஸ்டிபிக்கு அவ்வளவு வேண்டாம், துண்டுகள் குறைவான அதன் பாக்கெட்டுக்கு நான்கைந்து கட்டம் காலியாக இருந்தால் போதும். கார்டு பத்துக் கட்டத்தைக் காலி செய்தால், அடுத்த நொடித்துளியிலேயே எக்ஸ்டிபி வந்து அதில் எழுதிவிடும். 42 என்ற அளவு வருவதே அரிதாகிவிடும். அடுக்கு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். டிஎன்எஸ் சர்வரின் பதில்கள் அந்த அடுக்கின் வழியாகத்தான் போக வேண்டும். ஏற்கெனவே ஓடும் வீடியோ எக்ஸ்டிபி வழியில் பாய்ந்துகொண்டிருக்கும், புதுப் பக்கத்தின் முகவரி கேட்டவருக்குப் பதில் வராது. நண்பர் போனில் சொன்னது சொல்லுக்குச் சொல் இதுதான்.

வீட்டுக்கு வந்து இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, அவருக்கு ரிங்கும் டிஸ்கிரிப்டரும் புரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "முறைங்கறது தண்ணி வர்றது மட்டும் இல்லடா. வந்தா வயல் நிரம்பற அளவுக்கு வரணும். தலைமடைக்காரன் ஒரு சாண் ஏறினதும் மடையைத் திறந்துக்கிட்டா, கடைமடைக்கு எப்பவும் ஈரம்தான், தண்ணி கிடையாது" என்றார். முறைப்பாசனம் வைக்கும் நாட்களில் லஸ்கர் (மடைகளைப் பார்த்துக்கொள்ளும் பாசனத் துறை ஊழியர்) வந்து தலைப்பில் ஷட்டரை இறக்குவது இதற்காகத்தான். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்துவிட்டதாலேயே கடைமடை வயல் நனைந்துவிடுவதில்லை.

சரி, கார்டு மீட்டமைப்பு எங்கிருந்து வந்தது? கெர்னலில் ஒரு காவல் கடிகாரம் இருக்கிறது. அடுக்கு ஒரு வரிசையை நிறுத்திவைத்திருந்து, கடைசியாக அந்த வரிசையில் அனுப்பி ஐந்து நொடி ஆகிவிட்டிருந்தால், பல டிரைவர்களின் கணக்கில் அது கார்டு தொங்கிவிட்டதற்கு அடையாளம். உடனே அபாயக் குரல் எழுப்பி, டிரைவரிடம் கார்டை மீட்டமைக்கச் சொல்லும். "கடைசியாக அனுப்பிய நேரம்" என்ற குறிப்பை அடுக்கு எழுதும், எக்ஸ்டிபி வழி பல டிரைவர்களில் எழுதாமல் இருந்தது. காவல்காரனுக்குத் தெரிந்ததெல்லாம், வரிசை நின்றிருக்கிறது, குறிப்பு பழையதாகிவிட்டது என்பதுதான். உண்மையில் கார்டு நொடிக்கு லட்சக்கணக்கில் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது, வேகமாக ஓடுவதாலேயே மீட்டமைக்கப்படுகிறது. அந்த மீட்டமைப்பின்போது இணைப்பு இறங்கி ஏற வேண்டும். மொத்தமாகப் போயிட்டு வருவது இதனால்தான்.

இதற்கான திருத்தம் ஒரு வரி: எக்ஸ்டிபி அனுப்பும்போதும், பூட்டைப் பிடித்த கையோடு, அந்த நேரக்குறிப்பைப் புதுப்பித்துவிடு. ஒவ்வொரு டிரைவராக இந்தத் திருத்தம் கெர்னலுக்குள் வந்திருக்கிறது. வரிசையைப் பகிர்ந்துகொள்பவர் அந்த வரிசையின் பொதுக் கணக்கையும் எழுத வேண்டும் என்ற எண்ணம் முதலிலேயே இருந்திருந்தால் இத்தனை டிரைவர்களில் தனித்தனியாகத் தேடியிருக்க வேண்டாம். என் வருத்தம் இதில்தான். பூட்டைப் பற்றி யாரும் மறப்பதில்லை, ஏனென்றால் பூட்டு இல்லாவிட்டால் இயந்திரம் உடனே விழுந்துவிடும். கணக்கை மறந்தால், போக்குவரத்து நெருக்கிப் பிடிக்கும் ராத்திரியில் மட்டும்தான் தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2012-இல் வந்த லினக்ஸ் 3.3-இல் பைட் வரம்பு என்ற ஏற்பாடு சேர்ந்தது. ஒவ்வொரு அனுப்பு வரிசையிலும் எத்தனை பைட் நிலுவையில் இருக்கலாம் என்பதை அது தானாகக் கணித்துக்கொள்ளும். அனுப்பும்போது இத்தனை என்று கூட்டும், துடைக்கும்போது இத்தனை என்று கழிக்கும். பகிர்ந்த ரிங்கில் எக்ஸ்டிபியின் பாக்கெட்டை அனுப்பும்போது கூட்டாமல், துடைக்கும்போது மட்டும் கழித்துவிட்டால் என்ன ஆகும்? அனுப்பியதைவிட அதிகம் முடிந்ததாகக் கணக்கு வரும். அப்படி வந்தால் அங்கேயே நின்றுவிடும்படி கெர்னலில் ஒரு கடுமையான சோதனை இருக்கிறது. அது நல்லதுதான், தவறு ஒளிந்துகொள்ள முடியாது. அதனால் பகிரும் டிரைவர்கள் ஒன்று இரண்டு பக்கமும் சேர்த்தே எண்ண வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் எக்ஸ்டிபியை விட்டுவிட வேண்டும். ரிங்கின் ஒவ்வொரு கட்டத்தோடும் "இது அடுக்கின் பாக்கெட், இது எக்ஸ்டிபியின் பாக்கெட்" என்று வகையைக் குறித்துவைப்பதும் இந்தத் துடைக்கும் வேலைக்காகத்தான். இரண்டின் நினைவகத்தையும் விடுவிக்கும் முறை வேறு வேறு.

நான் போவதற்கு முன்பே நண்பர் ஒரு காரியம் செய்திருந்தார். ரிங்கை 256-லிருந்து 4096-க்குக் கூட்டிவிட்டார். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கணக்குப் பாருங்கள். 4096 கட்டங்களிலும் 1500 பைட் பாக்கெட் என்றால் சுமார் 4.9 கோடி பிட். 1 ஜிகாபிட் கம்பியில் அது வெளியேற 49 மில்லிநொடி ஆகும். 256 கட்டம் என்றால் 3 மில்லிநொடி. பெரிய ரிங்கும் நிரம்பத்தான் செய்யும், ஏனென்றால் கீழே போகும் வழி அகலவில்லை. நிரம்பிய பிறகு ஒவ்வொரு பாக்கெட்டும் அத்தனை நேரம் கூடுதலாகக் காத்திருக்கும். அதைப் பழையபடி 256-க்கே இறக்கினேன்.

பிறகு புதிய கெர்னல் ஏற்றினோம். நேரக்குறிப்புத் திருத்தம் அதில் இருந்தது. அன்று ராத்திரி மீட்டமைப்பு ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒன்பதரைக்கு நண்பரின் போன்: "மொத்தமா போறது நின்னுடுச்சு தம்பி. ஆனா புதுப் பக்கம் இப்பவும் தொறக்கலை." திருத்தம் சரியானதுதான், கார்டு தொங்கவில்லை என்ற உண்மையைக் காவல்காரனுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் அடுக்கு பட்டினி கிடப்பது நிற்கவில்லை. முன்பு அதற்கு ஓர் அபாயக் குரலாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

அதனால் பகிர்வையே குறைத்தோம். அடுக்கு எந்தக் கோரிலிருந்து அனுப்பினாலும் 0-ஆம் வரிசைக்கே போகும்படி எக்ஸ்பிஎஸ் அமைப்பில் எழுதினோம். எந்தக் கோர் எந்த அனுப்பு வரிசையைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வசதி அது. 2011-இல் வந்த 2.6.38 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சின்னக் கோப்பு, அதில் கோர்களின் முகமூடி எண். 0-ஆம் வரிசையின் கோப்பில் எட்டு கோரையும் எழுதி, மற்ற மூன்றிலும் பூஜ்யம் வைத்தோம். அப்புறம், பாக்கெட் பெறும் வேலையை 1, 2, 3 ஆகிய கோர்களில் மட்டும் கட்டினோம், பெறும் பக்கத்துப் பங்கீட்டிலும் 0-ஆம் வரிசையின் பங்கைப் பூஜ்யமாக்கினோம். எக்ஸ்டிபி தன் கோர் எண்ணைப் பார்த்துத்தானே வரிசையைத் தேர்கிறது? அதனால் அது இனி 1, 2, 3-ஆம் வரிசைகளில் மட்டுமே எழுதும். பூட்டு இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்குப் போட்டி இல்லை. பாக்கெட் வந்ததும் கார்டு கோரைக் கூப்பிடும் இடையூறுகளைக் கோர்களுக்குள் தானாக மாற்றிவைக்கும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவையை நிறுத்தியாக வேண்டும். அதை மறந்தால் நாம் கட்டிய வரப்பைக் கொஞ்ச நேரத்தில் அது வெட்டிவிட்டிருக்கும். நான் முதல் நாள் மறந்தேன், மறுநாள் திரும்பப் போக வேண்டியதாயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கார்டுக்குள் நடப்பது. நான்கு வரிசையிலும் பாக்கெட் காத்திருந்தால், கார்டு பொதுவாக ஒவ்வொன்றிலிருந்தும் மாற்றி மாற்றி எடுக்கும். எக்ஸ்டிபி மூன்று வரிசைகளை நிரப்பி வழியவிட்டாலும், 0-ஆம் வரிசைக்கு அதன் முறை வந்துகொண்டே இருக்கும். டிஎன்எஸ் பதில்கள் சின்னவை, எண்ணிக்கையும் குறைவு. அந்தக் கால் பங்கு அவற்றுக்குத் தாராளம். எக்ஸ்டிபி வழியில் வழக்கமான காத்திருப்பு வரிசை கிடையாது. ரிங்கில் இடமில்லாவிட்டால் பாக்கெட் விழுந்துவிடும், அனுப்பியவர் அதைக் கவனித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். கம்பி 1 ஜிகாபிட்டாக இருக்கும்வரை அது விழத்தான் செய்யும்.

இப்போது அவர் கடையில் இரண்டு எண்கள் ராத்திரி முழுக்கப் பதிவாகின்றன. ஒன்று, ஒவ்வொரு அனுப்பு வரிசையும் எத்தனை தடவை காலாவதி ஆனது என்று கெர்னலே வைத்திருக்கும் எண். அது நான்கு வரிசைக்கும் பூஜ்யம். இன்னொன்று, கீழ் போர்ட்டுக்கு அப்பாலுள்ள ஒரு வீட்டிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டிஎன்எஸ் கேள்வி கேட்டு, பதில் வர ஆகும் நேரம். முதல் எண்ணைவிட இரண்டாவதைத்தான் நண்பர் காலையில் முதலில் பார்க்கிறார்.